முறைப்பாடு கேட்டு அலைந்த நாட்கள்

அந்தப் பெட்டியைச் செய்வித்தது நான்தான். திருகோணமலையில் எனக்குத் தெரிந்த தச்சர் ஒருவரிடம் சொல்லி, தபாற்பெட்டி அளவில், மேலே கடிதம் போட ஒரு வெட்டும் பக்கத்தில் சின்னப் பூட்டும் வைத்து, நீல நிறம் பூசி, மூன்று மொழிகளிலும் ‘முறைப்பாட்டுப் பெட்டி’ என்று வெள்ளை எழுத்தில் எழுதுவித்தேன். அதை ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, முழங்கால்களால் இறுக்கிக்கொண்டு நிலாவெளி வீதியால் போனபோது, வழியில் இரண்டு பேர் மறித்து இன்றைக்கு என்ன மீன் என்று கேட்டார்கள்.

அப்போது நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் திட்ட இணைப்பாளர். தலைமை அலுவலகம் கொழும்பில். திருகோணமலைக் கிளையில் நானும் ஒரு சாரதியும் மட்டும். சாரதி இருந்தார், வாகனம் இல்லை. அது திருத்த வேலைக்கென்று கொழும்புக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல். ஆகவே அவர் கந்தோரில் இருந்து தொலைபேசியைப் பார்த்துக்கொண்டார், நான் ஸ்கூட்டரில் ஓடினேன்.

எங்கள் திட்டம் சாம்பல்தீவுப் பாலத்துக்கு அப்பால், வீதிக்கும் கடலுக்கும் இடையில் மணலில் இருந்த ஒரு மீன்பிடிக் கிராமத்தில் நடந்தது. நடக்க முடியாதவர்கள், பார்வை இல்லாதவர்கள், தனித்துப்போன வயதானவர்கள் இருக்கும் நாற்பது வீடுகளைத் தெரிவு செய்திருந்தோம். அவர்கள் பிறர் உதவியின்றிப் போய்வரக்கூடிய விதமாக ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மலசலகூடம், அதற்குச் சாய்வுப்பாதை, பிடித்து நடக்க ஒரு கம்பி. இவ்வளவுதான் வேலை. ஆனால் இந்த நாற்பது பேரையும் என்ன பெயரால் அழைப்பது என்பதில் கொழும்பு அடிக்கடி மனம் மாறியது. முதலில் பயனாளிகள் என்றோம். பிறகு ஒரு மின்னஞ்சல் வந்தது: இனிமேல் அவர்கள் பிரதான பங்குதாரர்கள்.

இதை நான் கிராமத்துக் குழுக் கூட்டத்தில் மிகவும் மகிழ்ச்சியோடு அறிவித்தேன். குழுவின் தலைவர் கரைவலைத் தொழிலில் முப்பது வருடம் நின்றவர். சீனி வருத்தத்தால் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இரண்டு ஊன்றுகோல்களோடும் மணலில் எனக்கு முன்னால் நடப்பார். கரைவலையில் பங்கு என்றால் விளையாட்டில்லை. வலை கரைக்கு வந்ததும் கயிறு இழுத்த ஒவ்வொருவருக்கும் மீனில் இன்ன பங்கு என்று இருக்கிறது. அவர் யோசித்துவிட்டு, “எங்கட பங்கு என்ன மிஸ்?” என்று கேட்டார். தீர்மானம் எடுப்பதில் பங்கு என்றேன்.

“அப்ப மீன் இல்லை” என்று மற்றவர்களுக்கு விளக்கம் சொன்னார்.

முறைப்பாட்டுப் பெட்டி வந்ததும் இதே வழியால்தான். பங்குதாரர்களுக்குக் குறை இருந்தால் பயமில்லாமல் சொல்ல ஒரு வழி வேண்டும், ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு பெட்டி வைக்க வேண்டும், மாதம் ஒரு முறை திறந்து எத்தனை முறைப்பாடு என்று அறிக்கையில் எழுத வேண்டும் என்று கொழும்பு சொன்னது. நல்ல யோசனை என்றுதான் எனக்குப் பட்டது. பல்நோக்கு மண்டபத்தின் முன்சுவரில் என் கண்மட்டத்துக்குப் பெட்டியை அறைவித்தேன். தலைவர் நல்ல நேரம் பார்த்திருந்தார். தேங்காய் உடைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள், பெட்டியின் நெற்றியில் ஒரு பெண் சந்தனமும் குங்குமமும் வைத்தார். உங்களுக்குப் பிடிக்காதது எதுவென்றாலும் எழுதிப் போடுங்கோ, பெயர் போட வேண்டாம், ஒருவரும் கோபிக்க மாட்டார்கள் என்று நான் பேசினேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

முதல் மாதம் திறந்தபோது உள்ளே ஒரு துண்டுக் கடதாசி இருந்தது. அவசரமாக விரித்துப் பார்த்தால், ‘மகளுக்கு வாற தைக்குள்ள நல்ல இடத்தில கலியாணம் சரிவர வேணும்’ என்று எழுதியிருந்தது. சந்தனம் வைத்ததன் பலன். இதை முறைப்பாடாகப் பதிவதா, கோரிக்கையாகப் பதிவதா என்று நானும் தலைவரும் அரை மணித்தியாலம் கதைத்தோம். கடைசியில் தலைவர் அதை மடித்துப் பிள்ளையார் கோவிலில் சேர்ப்பித்துவிட்டார். இரண்டாம் மாதம் ஒன்றுமில்லை. மூன்றாம் மாதம் பல்லி முட்டை நான்கு. நான் மூன்று மாதமும் அறிக்கையில் பூச்சியம் என்று எழுதி, அதில் கொஞ்சம் பெருமையும் பட்டேன்.

நான்காம் மாதம் கொழும்பிலிருந்து ஒரு பெண் அழைத்தார். தன்னைப் பொறுப்புக்கூறல் அதிகாரி என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். குரல் மிக இளமையாக இருந்தது. மற்ற மாவட்டங்களில் எல்லாம் முறைப்பாடு வருகிறது, உங்களுக்கு மட்டும் ஏன் பூச்சியம் என்று கேட்டார். மக்களுக்குத் திருப்தி என்றேன். அவர், பூச்சியம் வந்தால் இரண்டு காரணம்தான் இருக்க முடியும் என்று மரியாதையாகவே சொன்னார். ஒன்று, மக்கள் பயப்படுகிறார்கள். மற்றது, யாரோ கடிதங்களை எடுத்துவிடுகிறார்கள். பெட்டிப் பூட்டின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்றும் கேட்டார். திறப்பு என் கைப்பையில் இருந்தது. மூன்று கிழமையில் தான் நேரில் வந்து எல்லோருக்கும் முன்னால் பெட்டியைத் திறக்கப்போவதாகச் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே ஊருக்குப் போனேன். அந்தக் கோபத்தில் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். குழுவைக் கூட்டி, நீங்கள் ஒருவரும் முறைப்பாடு போடாததால் எனக்குப் பிரச்சினை என்று சொல்லிவிட்டேன்.

அவர்களுக்கு விளங்கவில்லை. எங்களிடம் குறை இல்லை என்றால் உங்களுக்கு நல்ல பெயர்தானே என்றார்கள். இல்லை, கெட்ட பெயர் என்றேன். கொழும்பில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் மூளைக் கோளாறோ என்று ஒரு அம்மா அனுதாபத்தோடு விசாரித்தார். தலைவர் மட்டும் ஊன்றுகோலால் மணலில் இரண்டு கோடு கீறினார். கரைவலையில் வடக்குக் கயிறு, தெற்குக் கயிறு என்று ஆட்களைப் பிரித்து நிறுத்திய மனிதர் அவர்.

“எத்தனை முறைப்பாடு வேணும் மிஸ்?” என்று கேட்டார்.

அப்படி இல்லை ஐயா, உண்மையாகக் குறை இருந்தால் மட்டும் என்று சொன்னேன். சொன்ன விதத்தில் போதிய உறுதி இருக்கவில்லை என்பதை இன்று ஒத்துக்கொள்கிறேன். அவர் தலையாட்டினார். நீங்கள் கவலைப்படாமல் போங்கோ என்று என்னை அனுப்பிவைத்தார்.

அதன் பிறகு நடந்ததை நான் பின்னால்தான் அறிந்தேன். அந்த ஊரில் தபால் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. சக்கர நாற்காலியில் இருந்தபடி இடது கையால் எழுதப் பழகியிருந்தார். அந்தக் காலத்தில் ஊரில் யாருக்குப் பெட்டிசம், மனு எழுத வேண்டுமென்றாலும் அவரிடம்தான் போவார்களாம். வருத்தம் வந்த பிறகு ஒருவரும் அவரிடம் எதையும் எழுதக் கேட்கவில்லை. தலைவர் போய் விடயத்தைச் சொன்னதும் மனிதர் சட்டை மாற்றிக்கொண்டு மேசைக்கு வந்துவிட்டாராம். வடக்குப் பக்கத்து வீடுகள் மலசலகூடத்தைப் பற்றியும் தெற்குப் பக்கத்து வீடுகள் சாய்வுப்பாதையைப் பற்றியும் குறை சொல்வதென்று தலைவர் பிரித்துக் கொடுத்தார். இரண்டு கிழமையாக ஒவ்வொருவராகப் போய்த் தங்களுக்குத் தோன்றியதைச் சொல்ல, அவர் எழுதினார்.

அதிகாரி ஒரு வியாழக்கிழமை வந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவு. வெயிலுக்குத் தொப்பியும் மணலுக்குத் தக்க சப்பாத்துமாக, ஆயத்தத்தோடு வந்திருந்தார். மண்டபம் நிறைந்திருந்தது. எல்லோரும் குளித்து, நல்ல உடுப்பு உடுத்தி வந்திருந்தார்கள். நான் பெட்டியின் பூட்டைத் திறந்து அதன் கதவை இழுத்தேன். கடிதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக என் கால்களில் விழுந்தன. கூட்டத்தில் இருந்து ஒரு திருப்தியான முணுமுணுப்பு எழுந்தது.

அதிகாரி கதிரையில் அமர்ந்து முதலாவதைப் பிரித்தார். ‘மாட்சிமை பொருந்திய முறைப்பாட்டு அதிகாரி அவர்களின் மேலான கவனத்துக்கு அடியேன் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்’ என்று தொடங்கியது. மேற்படி மிஸ் அவர்கள் கடும் வெயிலில் தலையில் ஒன்றும் போடாமல் வருவதனால் எமது குடும்பம் பெரும் மனவேதனை அடைந்துள்ளது என்பது முறைப்பாடு. இரண்டாவதும் மாட்சிமை பொருந்தியதாகவே தொடங்கி, மலசலகூடம் அளவுக்கு மீறி நன்றாக அமைந்துள்ளபடியால் சம்பந்தி வீட்டார் வந்தால் இலகுவில் திரும்பிப் போகின்றார்கள் இல்லை என்று முடிந்தது. மூன்றாவது, கூட்டங்களில் ஆளுக்கு ஒரு வடை மாத்திரமே வழங்கப்படுவது பற்றி. அது உண்மை.

அதிகாரி ஒரு சிரிப்பும் இல்லாமல் வாசித்துக்கொண்டு போனார். பத்தாவதோ பதினோராவதோ கடிதத்தில் அவருடைய கண் நின்றது. திரும்பவும் வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். கடிதத்தை எனக்கு நீட்டாமல், தானே மெல்லிய குரலில் வாசித்துக் காட்டினார். ‘எனது பழுப்பு நிறப் பெட்டை ஆட்டை மேற்படி மிஸ் அவர்கள் சென்ற வெள்ளிக்கிழமை பட்டப்பகலில் களவாக ஸ்கூட்டரில் ஏற்றிச் சென்றுவிட்டார் என்பதை ஆழ்ந்த துயரத்துடன்...’

இதைச் சொன்னவர் யாரென்று கேட்கத் தேவையே இருக்கவில்லை. முன்வரிசையில் ஒரு அம்மா கையை உயர்த்திவிட்டார். அறுபது வயதிருக்கும். தனியே இருப்பவர். சின்ன வயதில் போலியோ வந்து வலது கை சூம்பிப்போனது. மற்றவர்கள் சொன்ன குறைகள் மிகச் சிறியவை, இதற்கெல்லாம் கொழும்பு அசையாது, பலமாக ஒன்று சொன்னால்தான் மிஸ்ஸுக்குப் பலமாக உதவும் என்று அவர் தானாகவே யோசித்திருக்கிறார். எழுதியவரும் தடுக்கவில்லை. அவருக்கு அந்த வசனம் பிடித்துப்போயிருந்தது.

இது பாரதூரமான முறைப்பாடு, உடனே விசாரிக்க வேண்டும் என்று அதிகாரி எழுந்தார். விதிமுறைப்படி குற்றம் சாட்டப்பட்டவர் விசாரணை நடக்கும் இடத்தில் நிற்கக்கூடாது. ஆகவே அந்த அம்மாவின் வளவுக்கு வெளியே, வேலியோரத்துப் பூவரசு மரத்தின் கீழே நான் நின்றேன். வேலி தென்னோலைக் கிடுகு வேலி. எல்லாம் கேட்டது. இடைவெளியால் பாதி தெரிந்தது.

முற்றத்தில் பழுப்பு நிறப் பெட்டை ஆடு ஒன்று கட்டியிருந்தது.

இது யாருடைய ஆடு என்று அதிகாரி கேட்டார். தன்னுடையது என்றார் அம்மா. அப்படியானால் களவு போன ஆடு எது என்று கேட்க, அது வேறு, இதன் தமக்கை என்றார். மிஸ் கொண்டு போனதை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா என்பது அடுத்த கேள்வி. அம்மா வேலிப் பக்கம் திரும்பி என்னைத் தேடினார். நான் சரியாகச் சொல்லுகிறேனா என்று கேட்கிற முகம்.

“ஓம், பாத்தனான். ஆனா நல்ல மாதிரித்தான் கொண்டு போனவ. சொல்லிப்போட்டுத்தான்.”

“சொல்லிட்டா களவெடுத்தாங்க?”

“மிஸ் அப்பிடித்தான். ஒண்டும் சொல்லாமச் செய்ய மாட்டா.”

அதிகாரி பேனையை மூடிவிட்டார். எனக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது, வேலை போய்விட்டது என்றும் தெரிந்தது. வேலியின் இடைவெளியால் பார்த்தேன். அவர் போகாமல் ஆட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, ஆட்டை ஏன் இந்தக் கம்பியில் கட்டியிருக்கிறீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டார்.

அது நாங்கள் பூட்டிக் கொடுத்த கம்பி. வாசற்படியில் தொடங்கி மலசலகூடக் கதவுவரைக்கும் போவது.

அம்மா தன் இடது கையைத் தூக்கிக் காட்டினார். “எனக்கு இந்தக் கைதான் கை. ஏறிப் போகேக்கதான் பிடி வேணும், அப்பக் கம்பி அந்தப் பக்கம் கிடக்கு. நான் சுவரைப் பிடிச்சுத்தான் போய் வாறது. சும்மா நிக்கிற கம்பிதானே எண்டு ஆட்டைக் கட்டினன்.”

இதை ஏன் ஒருவருக்கும் சொல்லவில்லை என்று அதிகாரி கேட்க, கட்டிய மேசன் மிகவும் வடிவாகச் செய்து தந்தவர், அவருடைய மனம் நோகும் என்றார் அம்மா.

நான் அந்த வீட்டுக்கு ஐந்தாறு தடவை போயிருக்கிறேன். கம்பியின் பக்கத்தில் அவரை நிறுத்திப் படம் எடுத்திருக்கிறேன். அந்தப் படம் எங்கள் ஆண்டறிக்கையின் அட்டையில் வந்தது. வேலிக்கு வெளியே நின்று அந்தப் படத்தை நினைத்துப் பார்த்தேன். அதில் அவர் கம்பியைப் பிடித்திருக்கவில்லை. பக்கத்தில் நின்று சிரித்தார், அவ்வளவுதான். வரைபடத்தில் கம்பி வலப்பக்கம் என்று போட்டிருந்தது. நாற்பது வீட்டுக்கும் நாங்கள் வலப்பக்கமே பூட்டினோம். உங்களுக்கு எந்தக் கை என்று நாங்கள் ஒருவரையும் கேட்கவில்லை.

மண்டபத்துக்குத் திரும்பி வந்தோம். அதிகாரி கடிதங்களை மேசையில் அடுக்கி வைத்து, எல்லாம் ஒரே கையெழுத்தாக இருக்கிறதே என்றார். பின்னால் இருந்து சக்கர நாற்காலிக்காரர் கை உயர்த்தி, அது தன் கையெழுத்துத்தான் என்று ஒத்துக்கொண்டார். எழுத்துப் பிழை ஏதும் கண்டீர்களா என்றும் கவலையோடு கேட்டார். இல்லை, மிக நன்றாக இருக்கிறது என்று அதிகாரி சொன்னதும் அவருக்கு முகம் மலர்ந்தது. தலைவர் ஊன்றுகோலை ஊன்றி எழும்பினார். குற்றமென்றால் அது தன்னுடையது, மிஸ்ஸின் வேலையைக் காப்பாற்றத்தான் செய்வித்தேன் என்றார். ஆட்டுக்கார அம்மா, ஆட்டுக் கதையை மட்டும் தானே யோசித்துச் சொன்னதாகத் தெரிவித்தார். அந்தப் பெருமையை அவர் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். நான்தான் இவர்களிடம் முறைப்பாடு கேட்டனான் என்றேன். 

அப்போதுதான் கூட்டத்தில் இருந்த ஒரு அக்கா பேசினார். ஐம்பது வயதை அண்டியவர். பிறவியிலேயே பார்வை இல்லை. அண்ணன் மனைவியோடு, அதாவது தன் மச்சாளோடு, ஒரே வீட்டில் இருந்தார். கூட்டத்துக்கு வந்தால் மச்சாளுக்குப் பக்கத்தில் பேசாமல் இருந்துவிட்டுப் போவார். நான் பார்த்தவரைக்கும் மிகவும் அமைதியான ஆள்.

“எனக்கு எழுதத் தெரியாது” என்றார். “வாயால சொன்னா எடுப்பீங்களோ?”

சொல்லுங்கள் என்றார் அதிகாரி.

“மிஸ் ரெண்டு வருசமா எங்கட வீட்ட வாறவ. நல்லவ. ஒரு நாளும் என்னோட கதைச்சதில்லை. அக்கா சாப்பிட்டவவோ, அக்காக்குக் காய்ச்சல் விட்டிட்டுதோ எண்டு என்ர மச்சாளிட்டத்தான் கேக்கிறவ. நான் பக்கத்திலதான் இருப்பன்.” என் பக்கம் முகத்தைத் திருப்பினார். “எனக்குக் கண்தான் தெரியாது.”

மச்சாள் பதறிப்போய், அது மிஸ்ஸின் பிழை இல்லை, வருகிற எல்லோருமே அப்படித்தான் என்று எனக்காக வாதாடினார். அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

அப்படி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு நாளாவது, ஒரு வார்த்தையாவது நேராகச் சொல்லியிருப்பேன் என்று தேடினேன். ஒன்று ஞாபகம் வந்தது. அவர்கள் வளவில் ஸ்கூட்டரைத் திருப்பும்போது சொன்னது. அதையும் நான் மச்சாளிடம்தான் சொல்லியிருந்தேன்: அக்காவைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கோ என்று. வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு ஊர் நிற்கவில்லை. சக்கர நாற்காலிக்காரர், பெட்டி எட்டாத உயரத்தில் இருப்பதால் தான் எழுதிய கடிதங்களைத் தானே போட முடியவில்லை, அடுத்தவரிடம் கொடுத்தனுப்ப வேண்டியிருந்தது என்றார். நடக்க முடியாதவர்களுக்கென்று வைத்த பெட்டியை நான் நிற்கிறவரின் கண்ணுக்கு நேரே அறைந்திருக்கிறேன். அதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று தலைவரைக் கேட்டேன். “நீங்கள் அவ்வளவு சந்தோசமாக் கொண்டு வந்தனீங்கள்” என்றார். கூட்டத்தில் தரும் தேத்தண்ணியில் சீனி அள்ளிப் போடுகிறோம், குழுவில் பாதிப் பேருக்குச் சீனி வருத்தம். கூட்டம் வைக்கிற வியாழக்கிழமைதான் ஆஸ்பத்திரியில் அவர்களுடைய கிளினிக் நாளும். இரண்டு சாய்வுப்பாதைகள் மழைக்கு வழுக்குகின்றன. சில கதவுகள் உள்பக்கமாகத் திறப்பதால் சக்கர நாற்காலியோடு உள்ளே போனவர் கதவைச் சாத்த முடியாது. சாத்தினால் வெளியே வர முடியாது. ஒருவர் அப்படி முக்கால் மணித்தியாலம் உள்ளே இருந்து சினிமாப் பாட்டுப் பாடினாராம். அவருக்கு என்னவோ சந்தோசம் என்று வீட்டார் நினைத்திருக்கிறார்கள்.

நான் எழுதிக்கொண்டே இருந்தேன். மூன்று தாள் நிறைந்தது. ஒவ்வொன்றையும் சொல்லும்போதும் கோபிக்காதேங்கோ மிஸ் என்று தொடங்கினார்கள். பத்தாவது முறைக்குப் பிறகு அதையும் விட்டுவிட்டார்கள்.

அதிகாரி போகும்போது என்னோடு வீதிவரைக்கும் நடந்து வந்தார். என்னை வேலையை விட்டு நிறுத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர், முறைப்பாடு எழுதிக் கொடுக்கச் சொல்வது பெரிய தவறு, அதை அறிக்கையில் எழுதத்தான் வேண்டும் என்றார். எழுதுங்கள் என்றேன். பிறகு சப்பாத்தைக் கழற்றி மணலைக் கொட்டிக்கொண்டே, ஆட்டின் தமக்கை என்றதும் சிரிப்பை அடக்க நாக்கைக் கடித்தேன், இன்னும் நோகிறது என்றார். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வேலை போகவில்லை.

இரண்டு நாள் நான் அந்த ஊர்ப்பக்கம் போகவில்லை. வெட்கமும் இருந்தது, உண்மையைச் சொன்னால் கோபமும் இருந்தது. இவ்வளவு ஓடியும் இப்படியா என்ற கோபம். மூன்றாம் நாள் காலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். மச்சாள் வழமை போல வேலிப் படலைக்கு வந்து என்னிடம் சுகம் விசாரித்தார். அக்காவோடு கதைக்க வந்தனான் என்றேன். அவர் ஒரு கதிரையைக் கொண்டுவந்து அக்காவுக்கு முன்னால் போட்டுவிட்டுக் குசினிக்குள் தன் சமையலுக்குப் போய்விட்டார்.

நான் அந்தக் கதிரையில் இருந்தேன். பல ஊர்களில் நூறு கூட்டம் நடத்திய ஆள் நான். கடைசியில், சாப்பிட்டீங்களா அக்கா என்று கேட்டேன். காலை பத்து மணி.

“எந்தச் சாப்பாட்டைக் கேக்கிறீங்கள்?” என்றார்.

அதன் பிறகு எனக்குப் பேச வேலையிருக்கவில்லை. இரண்டு வருடத்துக் கதை அவரிடம் சேர்ந்து கிடந்தது. என் ஸ்கூட்டரின் புகைக்குழாயில் வெடிப்பு இருக்கிறது, நாலு மாதமாகச் சத்தம் மாறிவிட்டது என்றார். தலைவரின் ஒரு ஊன்றுகோலின் அடிறப்பர் தேய்ந்துவிட்டது, அவர் ஒரு நாள் விழப்போகிறார் என்றார். ஆட்டுக்கார அம்மாவின் ஆட்டுக்கு இருமல் என்றார். பிறகு மேசனுக்கு வந்தார். சீமெந்து குழைக்கிற சத்தத்தில் தனக்கு வித்தியாசம் தெரியும். தங்கள் வீட்டுக்குக் குழைத்தபோது மண்வெட்டி கனமாக இழுபட்டது. மூலை வீட்டிலும் அதற்கடுத்த வீட்டிலும் மண்வெட்டி சும்மா சரசரவென்று போனது, மணல் கூடுதல், சீமெந்து குறைவு என்றார். மேசன் ஆள் நல்லவர், பின்னேரமானால் அவருக்கு அவசரம், அதுதான் என்றும் சேர்த்துக்கொண்டார். நான் நேரே அந்த இரண்டு வீட்டுக்கும் போய்ச் சாய்வுப்பாதையின் விளிம்பைக் காலால் தட்டினேன். ஒரு வீட்டில் விளிம்பு பெயர்ந்து விழுந்தது.

பதினொரு வீடுகளில் கம்பியை இடப்பக்கம் மாற்றினோம். கதவுகளைக் கழற்றி வெளிப்பக்கமாகத் திறக்கும்படி பூட்டினோம். பெட்டியை இறக்கி, சக்கர நாற்காலிக்காரரை முன்னால் நிறுத்தி அவர் கை போகிற உயரத்தில் அறைந்தோம். மேசனுக்கு மனம் நொந்துதான் போனது, ஆட்டுக்கார அம்மா பயந்த மாதிரியே. ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. குழுவுக்கு அக்காவைத் தெரிவு செய்தார்கள். அதன்பின் எங்கு சீமெந்து குழைத்தாலும் அவருக்கு ஒரு கதிரை போட வேண்டியிருந்தது. ஓய்வு பெற்ற எழுதுவினைஞர் உற்சாகம் குறையாமல் மாதாமாதம் எழுதினார். அடுத்த மூன்று மாத முடிவில் கொழும்பிலிருந்து வேறொரு அதிகாரி அழைத்து, திருகோணமலையில் மட்டும் ஏன் இத்தனை முறைப்பாடு, நிலைமை கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று கேட்டார்.

நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருடம் கிண்ணியாவில் புதிய திட்டம் தொடங்கியது. முதல் நாள் ஒரு முஸ்லிம் வீட்டுக்குப் போனோம். எழுபது வயதுள்ள ஒரு உம்மா கதிரையில் இருந்தார். பக்கத்தில் அவருடைய மகன், நாற்பது வயதுக் கடைக்காரர், நின்றார். பழக்கதோசத்தில் மகனிடம், உம்மாவுக்கு நடக்க ஏலுமா என்று தொடங்கிவிட்டேன். பாதியில் எனக்கே உறைத்தது. நிறுத்தி, கதிரையை இழுத்து அந்த உம்மாவுக்கு நேரே இருந்து, அவருடைய முகத்தைப் பார்த்து, உம்மா, உங்களுக்கு வீட்டில எது கஷ்டமா இருக்கு, நீங்களே சொல்லுங்கோ என்று ஆறுதலாகக் கேட்டேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இன்னும் ஆறுதலாக, இன்னும் மரியாதையாக, முழுவதையும் திருப்பிக் கேட்டேன்.

மகன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

“மிஸ், உம்மாக்குக் காது சுத்தமாக் கேக்காது. என்னட்டக் கேளுங்க.”

உம்மாவுக்கு எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. மகனுக்குக் கையால் ஏதோ காட்டினார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். இந்த மிஸ் நல்ல வடிவா வாயை அசைக்கிறா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகச் சொல்லு என்கிறார் என்றார் மகன். நான் குடித்துவிட்டு, கையால் கேட்கிற வழியை உம்மாவிடம் கொஞ்சம் பழகிக்கொண்டு வந்தேன். நான் பிடித்த முதல் இரண்டு சைகையும் பிழை என்று உம்மா திருத்தினார்.